தீயை அணைக்கும் வாயு மூச்சையும் நிறுத்தலாம்: சர்வர் அறைப் பணியாளர்கள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: சர்வர் அறை, மின் அறை, ஆவணக் காப்பகம், கப்பலின் எந்திர அறை போன்ற தண்ணீர் பயன்படுத்த இயலாத இடங்களில் தீயை அணைக்க வாயுக்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஆனால், மூடிய அறைக்குள் இவற்றில் சில உயிருக்கே ஆபத்தானவை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், மாரிகுப்பத்தில் இருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அங்குள்ள அலுவலகக் கட்டடங்களில் காவல், துப்புரவு, மின் பராமரிப்புப் பணி செய்வோர் இதை அறிந்திருப்பது அவசியம்.

செயல்படுவது எப்படி?

காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. இது 15 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் பெரும்பாலான தீச்சுவாலைகள் அணைந்துவிடும். நைட்ரஜன், ஆர்கான் வாயுக்கள் ஆக்சிஜனின் அளவை இவ்வாறு குறைக்கின்றன. எச்எஃப்சி-227 போன்ற வாயுக்கள் முக்கியமாக வெப்பத்தை உறிஞ்சித் தீயை அணைக்கின்றன. எரிதலின் வேதிவினையைத் தடுக்கும் ஹாலான், ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது.

அதிக ஆபத்து எதில்?

அறை முழுவதையும் நிரப்பும் கரியமில வாயு அமைப்புகளில் அதன் அளவு குறைந்தது 34 சதவீதமாக வைக்கப்படுகிறது. ஆனால், 10 சதவீதத்தைத் தாண்டினாலே சில நிமிடங்களில் மனிதர் மயங்கிவிழக்கூடும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடித்தளத்திலும் பள்ளங்களிலும் அது தேங்கும்.

ரஷியாவின் 'நெர்பா' அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் 2008 நவம்பர் 8-ஆம் தேதி, தீ ஏதும் இல்லாத நிலையில் தீயணைப்பு வாயு வெளியேறியதில் 20 பேர் உயிரிழந்தனர். இக்கப்பலே 2012-இல் 'ஐஎன்எஸ் சக்ரா' என்ற பெயரில் குத்தகை அடிப்படையில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

செய்ய வேண்டியது என்ன?

வாயு வெளியேறுவதற்கு முன் எச்சரிக்கை மணி ஒலிக்கும். அது ஒலித்ததும் பொருள்களை எடுக்க நிற்காமல் உடனடியாக வெளியேறி, கதவை மூடிவிட வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கியிருந்தாலும் சுவாசக் கருவி இல்லாமல் நுழையக் கூடாது. அது மற்றோர் உயிரையும் பறிக்கக்கூடும். தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கலாம். அறை முழுமையாகக் காற்றோட்டம் பெற்று, பாதுகாப்பானது என உறுதி செய்யப்பட்ட பின்னரே மீண்டும் உள்ளே செல்ல வேண்டும்.