கிறித்தவப் புதினங்களின் பதிப்பு வரலாறு

கிறித்தவப் புதினம் என்பது கிறித்தவ சமய நம்பிக்கையை அல்லது விவிலியச் செய்திகளைக் கதையின் மையமாகக் கொண்டு எழுதப்படும் புனைகதை வகையாகும். இவ்வகைப் புதினங்கள் அச்சேறிய வரலாறு, பொதுவான நூல் வெளியீட்டு வரலாற்றிலிருந்து பல வகைகளில் வேறுபட்டது. கதை என்பதால் சமய அமைப்புகள் இவற்றை ஐயத்துடன் நோக்கின. சமயம் என்பதால் பொதுப் பதிப்பகங்கள் தயங்கின. இதனால் சிறை, பிரசங்க மேடை, வார இதழ், சொந்தப் பதிப்பு எனப் பல வழிகளில் இந்நூல்கள் வாசகரை அடைந்தன. இக்கட்டுரை இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வெளியான சில முக்கியமான ஆங்கிலப் புதினங்களின் பதிப்பு வரலாற்றையும், அவற்றுக்குத் தமிழுடன் உள்ள தொடர்பையும் விளக்குகிறது.

முன்னோடி: ஜான் பன்யன்

ஆங்கிலத்தில் இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுவது ஜான் பன்யன் (1628–1688) எழுதிய பில்கிரிம்ஸ் புராகிரஸ் ஆகும். பன்யன் பெட்போர்டு பகுதியைச் சேர்ந்தவர். பாத்திரங்களைப் பழுது பார்க்கும் தொழில் செய்தவர். அரசு அனுமதியின்றிப் பிரசங்கம் செய்த குற்றத்திற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். பிரசங்கம் செய்வதில்லை என்று உறுதியளித்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்க முடியும். அவர் அதற்கு இணங்கவில்லை. இந்நூலின் பெரும்பகுதி சிறையிலேயே எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது.

எழுதி முடித்த பின்னும் நூல் உடனே அச்சாகவில்லை. சமயக் கருத்துகளைக் கற்பனைக் கதையாகச் சொல்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. நண்பர்களில் சிலர் அச்சிடுமாறும் சிலர் வேண்டாம் என்றும் கூறியதாகப் பன்யன் நூலின் செய்யுள் முன்னுரையில் குறிப்பிடுகிறார். இறுதியில் நத்தானியேல் பாண்டர் என்ற இலண்டன் நூல் வணிகர் 1678 இல் இதனை வெளியிட்டார். அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும் வந்தது. நூல் புகழ் பெற்றதும் திருட்டுப் பதிப்புகள் தோன்றின. 1682 இல் வேறொருவர் எழுதிய 'இரண்டாம் பாகம்' கூட வெளிவந்தது. பன்யன் தமது உண்மையான இரண்டாம் பாகத்தை 1684 இல் வெளியிட்டார்.

வார இதழிலிருந்து நூல்: ஹேரியட் பீச்சர் ஸ்டோவ்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் புதினங்கள் மக்களிடம் சென்று சேர இதழ்கள் முக்கிய வழியாக இருந்தன. போதகர் குடும்பத்தில் பிறந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவ், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வகை செய்த 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அங்கிள் டாம்ஸ் கேபின் புதினத்தை எழுதினார். அடிமை முறை கிறித்தவ அறத்திற்கு முரணானது என்பதே இப்புதினத்தின் அடிப்படை வாதம். அடிமை முறையை விவிலியத்தைக் கொண்டு நியாயப்படுத்திய போதகர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

வாசிங்டனிலிருந்து வெளிவந்த நேஷனல் ஈரா என்னும் அடிமை முறை எதிர்ப்பு வார இதழில் 1851 சூன் முதல் 1852 ஏப்ரல் வரை இக்கதை தொடராக வந்தது. இதனை நூலாக வெளியிட ஒரு பாஸ்டன் பதிப்பகம் மறுத்தது. தென் மாநிலங்களில் தன் விற்பனை பாதிக்கப்படும் என்று அது அஞ்சியது. பின்னர் ஜான் ஜூவெட் என்பவரின் பதிப்பகம் 1852 மார்ச் 20 அன்று இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. செலவிலும் இலாபத்திலும் பாதிப் பங்கு என்ற ஏற்பாட்டைத் தவிர்த்து, 10 விழுக்காடு உரிமத் தொகையை ஸ்டோவ் குடும்பம் ஏற்றுக்கொண்டது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏறத்தாழ 3 இலட்சம் படிகள் விற்றன. பிரித்தானியாவில் விற்பனை இதனினும் பன்மடங்கு அதிகம். எனினும் அமெரிக்க நூல்களுக்கு அங்கு அன்று முறையான பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், அங்கு விற்ற படிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து நூலாசிரியருக்கு வருவாய் கிடைக்கவில்லை.

பொதுப் பதிப்பகத்தின் வெற்றி: பென்-ஹர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த லூ வாலஸ், கிறித்தவ சமயத்தை அதுவரை ஆழமாக அறிந்தவர் அல்லர். 1876 இல் தொடர்வண்டிப் பயணத்தில் இறைமறுப்புப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சாலுடன் நடத்திய உரையாடல், இச்சமயத்தைப் பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை உணர்த்தியதாக அவர் பின்னர் எழுதினார். இங்கர்சால் தமிழ்நாட்டுப் பகுத்தறிவு இயக்கத்தினரிடையேயும் நன்கு அறிமுகமானவர். அந்த உரையாடலின் விளைவாக வாலஸ் மேற்கொண்ட ஆய்வுகள் பென்-ஹர் புதினத்திற்குத் துணை நின்றன. நியூ மெக்சிக்கோ ஆட்சிப்பகுதியின் ஆளுநராக இருந்தபோது சாண்டா பே நகரில் இதனை எழுதி முடித்தார்.

ஹார்ப்பர் அண்ட் பிரதர்ஸ் பதிப்பகம் 1880 நவம்பரில் இந்நூலை வெளியிட்டது. இயேசு கிறித்துவைக் கதைமாந்தராகக் காட்டுவது வாசகர்களைப் புண்படுத்துமோ என்ற தயக்கம் அன்று இருந்தது. முதல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ 2,800 படிகளே விற்றன. பின்னர் விற்பனை படிப்படியாக உயர்ந்து, அந்நூற்றாண்டின் மிக அதிகம் விற்ற அமெரிக்கப் புதினங்களுள் ஒன்றாயிற்று. 1913 இல் சியர்ஸ் ரோபக் நிறுவனம் ஒரே முறையில் 10 இலட்சம் படிகளுக்கு ஆணை அளித்து, ஒரு படியை 39 செண்டுக்கு விற்றது.

இப்புதினத்தை அனுமதியின்றித் தழுவி 1907 இல் ஒரு குறும்படம் எடுக்கப்பட்டது. இது தொடர்பான வழக்கில் 1911 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிப்புரிமையாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நூலைத் திரைப்படமாக்க உரிமை பெற வேண்டும் என்ற கொள்கைக்கு இத்தீர்ப்பு அடித்தளமாக அமைந்தது.

பிரசங்கத்திலிருந்து நூல்: சார்லஸ் ஷெல்டன்

கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் போதகராக இருந்த சார்லஸ் ஷெல்டன், ஞாயிறு மாலைக் கூட்டங்களில் பிரசங்கத்திற்குப் பதிலாகத் தொடர்கதை வாசிக்கும் வழக்கம் கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் கதை ஒரு திருப்பத்தில் நிறுத்தப்படும். அடுத்த வாரம் தொடரும். 1896 இல் இவ்வாறு வாசிக்கப்பட்ட இன் ஹிஸ் ஸ்டெப்ஸ் ('அவர் அடிச்சுவடுகளில்') என்னும் கதையில், ஒரு நகரத்தின் சபையார் எதைச் செய்வதற்கு முன்னும் "இயேசு என்றால் என்ன செய்வார்?" என்று தம்மையே கேட்டுக்கொள்ள உறுதி எடுக்கின்றனர். சிகாகோவின் தி அட்வான்ஸ் இதழ் இதைத் தொடராக வெளியிட்டுப் பின்னர் நூலாகவும் அச்சிட்டது.

பதிப்புரிமைப் பதிவின்போது கதை முழுவதையும் அளிக்காமல் தொடரின் ஒரு பகுதியை மட்டும் இதழ் நிறுவனம் அனுப்பியிருந்தது. இதனால் பதிவு செல்லாததாகியது. இக்குறை வெளியே தெரிந்ததும் பல பதிப்பகங்கள் நூலைத் தாமாகவே அச்சிட்டு விற்றன. பல இலட்சக்கணக்கில் படிகள் விற்றும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஷெல்டனுக்கு எந்தத் தொகையும் வரவில்லை. அதே வேளையில், உரிமைத் தடை இல்லாததே நூல் மலிவாகவும் விரைவாகவும் உலகெங்கும் பரவக் காரணமாயிற்று. மூன்று கோடிப் படிகள் விற்றதாகக் கூறப்படும் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர். கதையின் மையக் கேள்வி 1990களில் கைப்பட்டைகளில் பொறிக்கப்பட்டு மீண்டும் புகழ் பெற்றது.

இங்கிலாந்து: லூயிசும் கிரீனும்

சி. எஸ். லூயிசின் அவுட் ஆப் த சைலண்ட் பிளானட் புதினத்தை டென்ட் பதிப்பகம் மறுத்தது. நண்பரும் கத்தோலிக்கருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன், தமது த ஹாபிட் நூலை வெளியிட்ட ஸ்டான்லி அன்வினுக்கு இந்நூலைப் பரிந்துரைத்து எழுதினார். அன்வினின் சொந்தப் பதிப்பகம் ஏற்காவிடினும், அவருடன் தொடர்புடைய பாட்லி ஹெட் பதிப்பகம் 1938 இல் வெளியிட்டது. லூயிசின் த ஸ்குரூடேப் லெட்டர்ஸ் 1941 இல் ஒரு திருச்சபை வார இதழில் தொடராக வந்து, 1942 இல் நூலானது. இதழில் எழுதியதற்கான தொகையை மறைந்த குருமாரின் மனைவியர் நல நிதிக்கு அவர் அளித்துவிட்டார்.

கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீனின் த பவர் அண்ட் த குளோரி (1940), மெக்சிக்கோவில் குருக்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில் மதுவுக்கு அடிமையான ஒரு குருவைப் பற்றியது. 1950களில் வத்திக்கானின் திருப்பணியகம் இந்நூலைக் கண்டித்து, மாற்றங்கள் செய்யுமாறு கேட்டது. உரிமை வெவ்வேறு நாடுகளின் பதிப்பகங்களிடம் இருப்பதாகக் கூறிக் கிரீன் மறுத்துவிட்டார். 1965 இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், அவருடைய நூல்களின் சில பகுதிகள் சில கத்தோலிக்கரைப் புண்படுத்தவே செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற பொருளில் கூறினார்.

சமயப் பதிப்பகங்களின் எழுச்சி

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சீர்திருத்தச் சபையினர்க்கான பதிப்பகங்களும் தனி நூற்கடைகளும் ஒரு தனிச் சந்தையாக வளர்ந்தன. கிறித்தவ நூல் விற்பனையாளர் சங்கம் 1950 இல் நிறுவப்பட்டது. இப்பதிப்பகங்கள் முதலில் விவிலியம், விளக்கவுரை, பாடநூல் ஆகியவற்றையே வெளியிட்டன. புதினம் இதில் இடம்பெறக் காலமாயிற்று.

1979 இல் பெத்தனி ஹவுஸ் வெளியிட்ட கனடிய எழுத்தாளர் ஜேனட் ஓக்கின் லவ் கம்ஸ் சாப்ட்லி, இச்சந்தையில் புதினமும் விற்கும் என்பதைக் காட்டியது. அடுத்து வந்த பிராங்க் பெரெட்டியின் திஸ் பிரசன்ட் டார்க்னஸ் பல பதிப்பகங்களால் மறுக்கப்பட்டது. 1986 இல் கிராஸ்வே இதனை வெளியிட்டது. தொடக்கத்தில் மெதுவாக விற்ற இந்நூல், வாசகர்களின் வாய்வழிப் பரிந்துரையாலும் பாடகி ஏமி கிராண்ட் போன்றோர் பேசியதாலும் 20 இலட்சத்துக்கும் மேல் விற்றது.

டின்டேல் ஹவுஸ் பதிப்பகத்தின் தோற்றமே ஒரு மறுப்பின் கதையாகும். கென்னத் டெய்லர் தம் பிள்ளைகளுக்காக எளிய ஆங்கிலத்தில் எழுதிய விவிலியத் திருமுகங்களை எந்தப் பதிப்பகமும் ஏற்காததால், 1962 இல் சொந்தமாக 2,000 படிகள் அச்சிட்டார். அம்முயற்சியே பதிப்பகமாக வளர்ந்தது. டிம் லஹே, ஜெர்ரி ஜென்கின்ஸ் ஆகியோரின் லெப்ட் பிகைண்ட் வரிசையை 1995 முதல் 2007 வரை 16 நூல்களாக இப்பதிப்பகம் வெளியிட்டது. இவ்வரிசை மொத்தம் 6 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலுக்கு இவ்வரிசை தரும் விளக்கத்தைப் பல திருச்சபைகள் ஏற்கவில்லை.

சொந்தப் பதிப்பு: த ஷேக்

வில்லியம் பால் யங் தம் பிள்ளைகளுக்குக் கிறித்துமசுப் பரிசாக எழுதிய த ஷேக் ('குடிசை') 2005 இல் 15 நகல்களாக மட்டும் எடுக்கப்பட்டது. பின்னர் வேய்ன் ஜேக்கப்சன், பிராட் கம்மிங்ஸ் ஆகியோருடன் இணைந்து அவர் இதனைத் திருத்தினார். 26 பதிப்பகங்கள் மறுத்தன. சமயப் பதிப்பகங்களுக்கு இது சர்ச்சைக்குரியதாகவும், பொதுப் பதிப்பகங்களுக்கு மிகுந்த சமயச் சார்புடையதாகவும் தோன்றியது. தந்தையாகிய இறைவனை ஒரு கறுப்பினப் பெண்ணாகக் காட்டியது சர்ச்சைக்கு முக்கிய காரணமாகும்.

இதனால் ஜேக்கப்சனும் கம்மிங்சும் விண்ட்புளோன் மீடியா என்ற பதிப்பகத்தைத் தொடங்கி 2007 இல் நூலை வெளியிட்டனர். விளம்பரத்திற்குச் செலவானது 300 டாலருக்கும் குறைவு. 2008 இல் 10 இலட்சம் படிகளைக் கடந்து நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டில் அசெட் குழுமம் விநியோகத்தில் இணைந்தது. ஆனால் உரிமத் தொகையும் கூட்டு ஆசிரியர் உரிமையும் குறித்து யங்கிற்கும் மற்ற இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டு, நீதிமன்றம் சென்றது. 2011 இல் சமரசம் ஏற்பட்டது. நம்பிக்கையின் பேரில் எழுத்து ஒப்பந்தங்கள் போதுமான அளவு இன்றித் தொடங்கிய முயற்சிக்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

சந்தையில் ஏற்பட்ட மாற்றங்கள்

தனிச் சந்தையாக வளர்ந்த சமயப் பதிப்பகங்கள் பலவற்றைப் பெரிய நிறுவனங்கள் வாங்கின. சோன்டர்வன் 1988 இல் ஹார்ப்பர் குழுமத்தில் சேர்ந்தது. தாமஸ் நெல்சனை வாங்குவதாக அதே குழுமம் 2011 இல் அறிவித்தது. ஏறத்தாழ 240 கிளைகள் கொண்டிருந்த பேமிலி கிறிஸ்டியன் கடைகள் 2017 இல் மூடப்பட்டன. லைப்வே நிறுவனம் தன் 170 கடைகளையும் மூடுவதாக 2019 இல் அறிவித்தது. இதன் பின்னர் இணைய விற்பனையும் மின்னூலும் முதன்மை பெற்றன.

தமிழுடன் உள்ள தொடர்பு

பன்யனின் நூல் தமிழில் மோட்சப் பிரயாணம் என்ற பெயரில் அறியப்படுகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858 இல் கிறித்தவரான எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900), அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தை இயற்றினார். 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இக்காப்பியம், நற்போதகம் என்னும் சமய மாத இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894 இல் நூலாயிற்று. இதழிலிருந்து நூல் என்ற அதே வழி இங்கும் பின்பற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரம் (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். எனினும் அது சமயப் பரப்புரை நூல் அன்று. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். எழுத்தாளர் கிறித்தவர் என்பதும் புதினம் கிறித்தவப் புதினம் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்நூல் தக்க சான்றாகும்.

வெளியீட்டு விவரச் சுருக்கம்

* பில்கிரிம்ஸ் புராகிரஸ் – 1678 – இலண்டன் நூல் வணிகர்
* அங்கிள் டாம்ஸ் கேபின் – 1852 – வார இதழ்த் தொடர், பின்னர் நூல்
* பென்-ஹர் – 1880 – பொதுப் பதிப்பகம்
* இன் ஹிஸ் ஸ்டெப்ஸ் – 1897 – பிரசங்கம், இதழ்த் தொடர், பின்னர் நூல்
* த பவர் அண்ட் த குளோரி – 1940 – பொதுப் பதிப்பகம்
* லவ் கம்ஸ் சாப்ட்லி – 1979 – சமயப் பதிப்பகம்
* திஸ் பிரசன்ட் டார்க்னஸ் – 1986 – சமயப் பதிப்பகம்
* லெப்ட் பிகைண்ட் – 1995 – சமயப் பதிப்பகம்
* த ஷேக் – 2007 – சொந்தப் பதிப்பகம்

இவற்றையும் பார்க்க

* புதினம்
* பதிப்புரிமை
* மாயூரம் வேதநாயகம் பிள்ளை
* எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை