ஹாம் ரேடியோ கழகம்

ஹாம் ரேடியோ கழகம்: உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களும் கற்போரும் வட்டார அளவில் கூடி இயங்கும், வணிக நோக்கமற்ற அமைப்பு.

இந்தியக் கழகங்களின் முதன்மைப் பணி உரிமத் தேர்வுக்கான பயிற்சி. அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும் பாடங்கள். 12 வயது நிரம்பியோர் எழுதலாம். பொதுத் தர உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தேர்ச்சி வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு வேண்டியதில்லை.

உறுப்பினர்கள் அன்றாடம் சந்திப்பது பெரும்பாலும் 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், சிக்னலைப் பெற்று மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் வழி நடக்கும் ‘நெட்’ என்ற வானொலிக் கூட்டத்தில். நெறியாளர் அழைப்புக்குறிகளைக் கேட்டு வருகை பதிவார். தொடர்வது பெரும்பாலும் ஆன்டெனாப் பேச்சே.

‘நரி வேட்டை’ விளையாட்டாகவே திசையறியும் பயிற்சி தருவது. மறைத்துவைத்த சிறு டிரான்ஸ்மிட்டரைத் திசையுணரும் யாகி ஆன்டெனாவால் தேடுவர். நெருங்கியதும் சிக்னல் மிகுந்து திசை மழுங்கும். அப்போது கையடக்கக் கருவியை மார்போடு அணைத்துச் சுழல்வர். உடல் மறைத்துச் சிக்னல் தாழும் நிலையில் இலக்கு முதுகுப்புறம் இருக்கும்.

மின்வாரிய இணைப்பின்றித் திறந்தவெளியில் நிலையம் அமைக்கும் களநாள் 1933இல் அமெரிக்காவில் தொடங்கியது. இத்தகைய பழக்கத்தின் பயன் 2004 சுனாமியின்போது தெரிந்தது: போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழு, தொடர்பற்ற அந்தமானிலிருந்து அவசரச் செய்திகளை அனுப்பியது.