அழிக்கப்பட்ட முகங்கள்

வரலாற்றை எழுதும் உரிமையும், அதனை அச்சிடும் உரிமையும், மக்களிடம் கொண்டு சேர்க்கும் உரிமையும் ஒரே கையில் சென்று சேருமாயின் என்ன நேரும்? இவ்வினாவுக்கு ஸ்டாலின் காலத்துச் சோவியத் நாடு தெளிவான விடை தந்துள்ளது. ஆசிரியர்களாகிய நாம் அவ்விடையை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். ஏனெனில், அதன் ஒரு பகுதி வகுப்பறையிலேயே எழுதப்பட்டது.

முதலில் நல்லதைச் சொல்வோம். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், எழுத்தறியாமையை ஒழிக்கும் ஆணை 1919ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தது. 1939ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், 9 வயது முதல் 49 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரிந்தவராயிருந்தனர். இருபதே ஆண்டுகளில் எய்திய இவ்வுயர்வை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும், அச்சேறும் எழுத்தையெல்லாம் ஆராயும் தணிக்கைத் துறை ஒன்று 1922ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. மக்களுக்குப் படிக்கும் கண் கிடைத்தது. படிப்பதற்கோ ஆட்சி விரும்பிய நூல்களே கிடைத்தன. செய்தித்தாள், சுவரொட்டி, வானொலி, திரைப்படம் ஆகிய அனைத்தும் ஒரே குரலில் பேசின.

அக்குரல் நிகழ்காலத்தை மட்டும் ஆளவில்லை. இறந்த காலத்தையும் திருத்தியது. 1920ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், மாஸ்கோ சதுக்கம் ஒன்றில் மரமேடை மீது நின்று லெனின் படைவீரர்களுக்கு உரையாற்றினார். மேடையின் படிகளில் டிராட்ஸ்கியும் காமெனேவும் நின்றனர். இருவரும் பிற்காலத்தில் ஆட்சிக்குப் பகைவராகவே, அந்நிகழ்ச்சியின் புகைப்படத்திலிருந்தும் மறைந்தனர். படிகள் மட்டும் எஞ்சின. உள்நாட்டுக் காவல்துறையின் தலைவராயிருந்து எண்ணற்றோரை அழித்த யெஷோவ், மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1940ஆம் ஆண்டில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் வெளிவந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீரே காணப்பட்டது. அழித்தவனையும் அழித்தது அம்முறை.

இவை அரசு அலுவலகத்தில் நடந்தவை. வீட்டினுள் நடந்தது இதனினும் கொடிது. ரோட்சென்கோ என்னும் புகழ்பெற்ற கலைஞர், உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டு வளர்ச்சியைக் காட்டும் படத்தொகுப்பொன்றை 1934ஆம் ஆண்டில் வடிவமைத்தார். சில ஆண்டுகளில் அதில் இடம்பெற்ற தலைவர்கள் பலர் துரோகிகள் எனப்பட்டனர். அவர்தம் படத்தை வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. தாம் உருவாக்கிய நூலின் சொந்தப் படியிலேயே அம்முகங்களின் மீது ரோட்சென்கோ கருமை பூசினார்.

பள்ளிகளிலும் இதுவே நிகழ்ந்தது. 1935ஆம் ஆண்டில் மார்ஷல் பட்டம் பெற்ற ஐவருள் துகாச்செவ்ஸ்கி, யெகோரோவ், புளூக்கர் ஆகிய மூவர் 1939ஆம் ஆண்டுக்குள் அழிக்கப்பட்டனர். நேற்றுவரை வீரர் எனப் போற்றிப் படித்தவர்களின் படங்களை, பாடநூலில் மையிட்டு மறைக்கும்படி மாணாக்கர் பணிக்கப்பட்டனர். அப்பணியைச் செய்வித்தவர் ஆசிரியர். மறுத்தால் தமக்கும் தம் குடும்பத்துக்கும் என்ன நேரும் என்பதை அவர் அறிவார். அவரைப் பழித்தல் எளிது. அவர் நிலையில் நின்று பார்த்தல் கடினம்.

1938ஆம் ஆண்டில் வெளிவந்த கட்சி வரலாற்றுச் சுருக்க நூல், ஸ்டாலின் மறைவதற்குள் 4 கோடிக்கும் மேற்பட்ட படிகள் அச்சிடப்பட்டது. அவர் 1953ஆம் ஆண்டில் மறைந்த பின்னரும் பழைய பழக்கம் ஒழியவில்லை. அவ்வாண்டே பெரியா என்னும் அமைச்சர் வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தை வாங்கியிருந்தோர்க்குப் புதிய தாள்கள் அனுப்பப்பட்டன. பெரியா பற்றிய பக்கங்களை வெட்டியெடுத்து, பேரிங் கடல் முதலியன பற்றிய அத்தாள்களை அவ்விடத்தில் ஒட்டுமாறு அறிவுறுத்தப்பட்டது.

பொய்யின் மீது கட்டிய பாடம் நெடுநாள் நிற்குமா? 1988ஆம் ஆண்டில், பாடநூல்கள் உண்மைக்கு மாறானவை என்று ஒப்பப்பட்டதால், சோவியத் பள்ளிகளில் வரலாற்றுப் பாட இறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டன. எதைக் கேட்பது, எதைச் சரியான விடை என்பது என்று தேர்வு நடத்துவோர்க்கே தெரியாத நிலை அது. மூன்றே ஆண்டுகளில் அந்நாடும் சிதறுண்டது.

ஆண்டின் இறுதியில் மாணாக்கர் திருப்பித் தரும் பாடநூல்களை நான் புரட்டிப் பார்ப்பதுண்டு. தலைவர்களின் படங்களுக்கு மீசை வரைந்த குறும்பர்களைக் கடிந்ததும் உண்டு. அது சிறுவனின் விளையாட்டு; தானே விரும்பிச் செய்தது. அச்சத்தால் மை தொட்ட பிள்ளையின் கையே நம்மை வருத்த வேண்டியது. அச்சில் வந்ததெல்லாம் உண்மையன்று என்பதையும், ஒரு செய்தியை மற்றொன்றோடு ஒப்பிட்டுத் தெளிய வேண்டும் என்பதையும் கற்பிக்கும்போதே எழுத்தறிவு முழுமை பெறுகிறது. எழுத்தைக் கற்பிக்கும் நாம் ஐயுறவும் கற்பிப்போமாக.