அம்மாவின் நோட்டும் பெங்களூரு கதைகளும்

கோவில்பட்டியை விட்டு பெங்களூரு வந்து பதினைந்து வருஷமாச்சு. மகள் இங்கே மூன்றாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி.

போன வருஷம் ஊருக்குப் போனபோது பரணில் ஒரு நோட்டு கிடைத்தது. ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்த அம்மா தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதிய கதைகள். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினேன். ஆறு மாசமாகியும் ஒருத்தர் கூடப் பார்க்கவில்லை! ஏன் என்று யோசித்தபோதுதான், இதே வழியில் நமக்கு முன்னால் போனவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் அப்போது ஒரு எழுத்துருவில் அடித்தது இன்னொரு கணினியில் கோழிக்கிறுக்கலாகத் தெரியும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும் :-) டிஸ்கி வந்தது, பிறகு யூனிகோட். யூனிகோட் பரவிய பிறகுதான் தமிழில் தேடித் தமிழ் நூலைப் பிடிப்பது சுலபமானது.

அவை பெரும்பாலும் பழைய நூல்கள். புதிதாக எழுதுவதில் வேறு சிக்கல். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வெறுமனே 'இலவசம்' என்று போட்டால் படிக்கலாம். அச்சடிக்கலாமா, மொழிபெயர்க்கலாமா என்பது தெரியாது. அந்த அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன.

அந்த வழியைச் சிறுவர் புத்தகங்களில் பெரிய அளவில் செய்து காட்டியது பெங்களூருவில்தான். 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கில்லாத பதிப்பகம், 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, ஸ்டோரிவீவரைத் திறந்தது. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் கதையை எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கக்கூடச் செய்யலாம். இன்று அங்கே 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மொழி என்ன, எந்த வாசிப்பு நிலை, எதைப் பற்றியது என்ற குறிப்பு உண்டு. அதனால்தான் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கிறது. என் மகள் ஒரு கதையைக் கன்னடத்தில் படித்துவிட்டு, அதே கதையைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தது இப்படித்தான்.

என் தப்பு அப்போது புரிந்தது. கோப்பின் பெயர் 'ஸ்கேன்001'. உள்ளே வெறும் படம். அம்மா பெயர் இல்லை, எந்த வகுப்புக்கு என்று இல்லை, அனுமதியும் இல்லை. தெருப்பெயரும் கதவெண்ணும் இல்லாத வீட்டுக்குத் தபால் எப்படி வரும்?

ஒவ்வொரு கதையையும் யூனிகோடில் அடித்தேன். தலைப்பு, வகுப்பு, இரண்டு வரிச் சுருக்கம் சேர்த்தேன். உரிமம் போடும் முன் அம்மாவுக்கு போன் செய்து, "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு போட்டுரவாம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிடட்டும்டா. பிள்ளைக படிக்கதுக்குத்தான எழுதுனேன். என் பேரை மட்டும் விட்டுறாத."

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு நோட்டு இருக்கலாம். அதை எழுதியவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.