காரியாபட்டி பின்கோடு முதல் 4 கோடி இலக்க எண் வரை... உங்க பாஸ்வேர்டைக் காக்கும் பகா எண்கள்!

காரியாபட்டியின் பின்கோடு 626106. போன்ல கால்குலேட்டரைத் திறந்து 2 × 3 × 13 × 23 × 349 என்று தட்டிப் பாருங்க. அதே 626106 வரும். இந்த ஐந்துமே பகா எண்கள். அதாவது, 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவை.

பெருக்க சில நொடி போதும். ஆனா, 626106-ஐ மட்டும் கொடுத்து 'இதைப் பிரிச்சுக் காட்டு'ன்னு சொன்னா? 349-ஐப் பிடிக்கிறதுக்குள்ள பொறுமை போயிடும். இந்த வித்தியாசம்தான் இணையத்தின் பூட்டு.

எவ்வளவு பெரிய எண்?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுரன்ட் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்த எல்லாவற்றையும்விடப் பெரியது. 136279841 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒரு இலக்கம்னு இடைவிடாம வாசிச்சாலும் 474 நாளைத் தாண்டும்!

என்ன ஸ்பெஷல்?

* கம்ப்யூட்டரின் இரும மொழியில் எழுதினால் 0 என்பதே வராது. சரவெடி மாதிரி 136279841 முறை வரிசையா 1 மட்டும்தான். சேமிக்க சுமார் 17 எம்.பி போதும்.

* இது 'மெர்சென்' வகை. 3, 7, 31 எல்லாம் இதே குடும்பம். அடுக்கில் இருக்கும் எண்ணும் பகா எண்ணா இருக்கணும். ஆனா அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். பதினோரு 2-களைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 2047-ஓ 23 × 89 எனப் பிரிந்துவிடும்.

* 17 நாடுகளில் இருந்த கிராபிக்ஸ் சிப்களை கிளவுட் வழியாக இணைத்துத் தேடினார் டுரன்ட்.

கான்பூர் கொடுத்த விடை

ஓர் எண் பகா எண்ணா, இல்லையா? எந்த எண்ணைக் கொடுத்தாலும், யூகத்துக்கு இடமில்லாமல், இலக்கம் கூடும்போது நேரம் கட்டுக்கடங்காம எகிறாமல் சொல்ல முடியுமா? 'முடியும்' என்று 2002-ல் நிரூபித்தவர்கள் ஐ.ஐ.டி கான்பூரின் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 2006-ல் இதற்கு கோடல் பரிசு கிடைத்தது.

ஆக, பகா எண்ணான்னு சோதிக்க வேகமான வழி இருக்கு. ஆனா, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த விடையைத் திரும்பப் பிரிக்க, இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அப்படியொரு வழி தெரியாது.

உங்க போனுக்கு வருவோம்

1977-ல் வந்த ஆர்.எஸ்.ஏ முறை இதைத்தான் பயன்படுத்துது. பல வெப்சைட்டுகளின் பூட்டு, சுமார் 309 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி வந்த 617 இலக்க எண். 4 கோடி இலக்கமெல்லாம் இங்கே தேவையே இல்லை. 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை ஆய்வாளர்கள் உடைத்தார்கள். ஒரே ஒரு பிராசசர் கோரில் செய்திருந்தால் அதற்குச் சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும். 617 இலக்கம் எவ்வளவு தூரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அதனாலதான் மோசடிக்காரர்கள் கணக்குப் போடுறதில்லை. 'பேங்க்ல இருந்து பேசுறோம்'னு போன் பண்ணி நேரடியா ஓ.டி.பி கேக்குறாங்க. பூட்டை உடைக்க அவங்களால முடியாது. சாவியை நீங்களே எடுத்துக் கொடுத்துடாதீங்க!