சுர்பரானைத் திறந்து படம் வரைந்த பிள்ளைகள்

கம்ப்யூட்டர்னா விண்டோஸ்தான்னு நாம நம்பிட்டிருந்த 2002-ல், ஸ்பெயினின் ஏழைப் பகுதியான எக்ஸ்ட்ரெமதூரா ஒரு காரியம் செய்தது. டெபியன் லினக்ஸை எடுத்து, 'லின்எக்ஸ்' என்று பேர் வைத்து, பள்ளிக்கூடங்களில் போட்டுவிட்டார்கள். இரண்டு மாணவருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது திட்டம். ஒவ்வொரு பெட்டிக்கும் லைசென்ஸ் காசு கட்டினால் கட்டுப்படியாகுமா?

எனக்குப் பிடித்தது வேறொண்ணு. படம் வரையும் 'கிம்ப்' மென்பொருளுக்கு அவங்க வைத்த பேர் 'சுர்பரான்'. அந்த மண்ணில் 1598-ல் பிறந்த ஓவியர் அவர். எழுதும் மென்பொருளுக்கு 'ப்ரொசென்ஸே'. 16-ஆம் நூற்றாண்டின் உள்ளூர் இலக்கண அறிஞர். யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வந்த மென்பொருள் என்பதால்தான் இதெல்லாம் முடிந்தது.

பொட்டிக்குள்ள தன் ஊர்க்காரரைப் பார்த்த பிள்ளைக்கு, லினக்ஸ் அடுத்த வீட்டுச் சாமானாத் தெரிஞ்சிருக்குமா, சொல்லுங்க?