தண்ணீரைச் சோதிக்கும் மீன்



நம் பக்கத்தில் கிணற்றில் மீன் விட்டு வைப்பார்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பார்கள். அந்த மீன் செத்து மிதந்தால் தண்ணீரில் வாய் வைக்க மாட்டோம். இதே யோசனை நாட்டின் சட்டத்திலும் இருக்கிறது, தெரியுமா?

போபால் விபத்துக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகளில் 1993இல் ஒரு தரநிலை சேர்ந்தது: வேறு தண்ணீர் கலக்காத ஆலைக் கழிவுநீரில் மீனை விட்டால், 96 மணி நேரம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்க வேண்டும். சோதனை முறை அதற்கும் பழையது. 1971லேயே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் அதை எழுதி வெளியிட்டது.

தொட்டிகளில் கழிவுநீரை வெவ்வேறு அளவில் கலப்பார்கள். ஒரு தொட்டியில் மட்டும் நல்ல தண்ணீர். அதிலேயே மீன்கள் செத்தால் சோதனை செல்லாது. பாதி மீன்கள் சாகிற அளவுக்கு எல்.சி.50 என்று பெயர். இந்த எண் குறையக் குறைய விஷம் கடுமை. பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

உலகெங்கும் இதற்குப் பயன்படும் மீன்களில் ஒன்று வரிக்குதிரை மீன். விரல் நீளம்கூட இராது. நம் நாட்டு மீன்தான்! கங்கை மீன்களைப் பற்றி 1822இல் ஹாமில்டன் எழுதிய நூலில் இருக்கிறது.

எதற்கு மீன், கருவி போதாதா? நாம் தேடும் பொருளைத்தான் கருவி காட்டும். பத்து ரசாயனம் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு உயிர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் மீனும் எல்லாவற்றையும் சொல்லாது. நொய்யலைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அங்கே பெரும் பிரச்சினை உப்பு. நான்கு நாள் உப்பை மீன் ஓரளவு தாங்கும். வருஷக்கணக்கில் பாய்ந்தால் வயல் தாங்குமா? 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்கு இது உறைத்தது.

நம் சங்கரன்கோவிலிலும் விசைத்தறி ஓடுகிறது. தறித் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் நூலுக்குச் சாயம் ஏற்றும் இடத்தில் கழிவு எங்கே போகிறது? விசாரித்துக் கீழே எழுதுங்கள்.